மொட்டை ‘ஃபியூ’ வேண்டாம்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருந்தால் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் படியுங்கள். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். என் பதிவைப் பெரியம்மாவும் சித்தியும்கூடப் படிக்கிறார்கள், படித்துவிட்டு “பாதி இங்கிலீஷ்ல எழுதினா நாங்க எப்படிடி படிக்கிறது?” என்று போன் செய்கிறார்கள்.

ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் டீம் லீடாக இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன மாதம் கூப்பிட்டான். தன் டீமில் இருக்கும் ஒரு பெண்ணை அடுத்த பதவிக்குச் சிபாரிசு செய்து வெளிநாட்டில் இருக்கும் மேலாளருக்கு மெயில் அனுப்பியிருக்கிறான். அதில் ஒரு வரி: ‘ஷி ஹாஸ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் இன் டெஸ்டிங்.’ அந்தப் பெண் வேலை நேரம் போக, தானாகவே டெஸ்டிங் கற்றுக்கொண்டவள். “டெஸ்டிங்கிலும் அவளுக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு” என்று கூடுதல் தகுதியாகச் சொல்லத்தான் அவன் நினைத்தான். மேலாளரிடமிருந்து வந்த பதில்: அனுபவம் இல்லாதவரை ஏன் சிபாரிசு செய்கிறீர்கள்?

“டீச்சர், நான் அவளைப் பாராட்டித்தானே எழுதினேன்?” என்று கேட்டான்.

இல்லையப்பா. நீ எழுதியதற்கு அர்த்தம், ‘அவளுக்கு டெஸ்டிங்கில் அனுபவம் கிட்டத்தட்ட இல்லை’ என்பது. ‘எ லிட்டில்’ என்று எழுதியிருந்தால் நீ நினைத்தது போய்ச் சேர்ந்திருக்கும். ஒரே ஒரு எழுத்து விட்டுப்போனது உன் கையில், அடி விழுந்தது அந்தப் பெண் தலையில். வேறு மெயில் எழுதிச் சரிசெய்துவிட்டான். மேலாளர் நல்லவர், திருப்பிக் கேட்டார். எல்லோரும் கேட்க மாட்டார்கள். படித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

இதை உங்கள் எல்லோருக்கும் ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ரென் அண்ட் மார்ட்டினை வைத்து ஃபியூ, எ ஃபியூ, தி ஃபியூ. லிட்டில், எ லிட்டில், தி லிட்டில் என்று பயிற்சியும் செய்தோம். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் நன்றாகவே நிரப்பினீர்கள், மதிப்பெண்ணும் வாங்கினீர்கள். ஆனால் கோடிட்ட இடத்தில் நாலு சொல்லைக் கொடுத்து ஒன்றை எடு என்றால் எடுத்துவிடலாம். மெயிலில் கோடிட்ட இடம் கிடையாது. அங்கே கை தானாக எழுதும், தமிழ்க் கை ‘எ’ போடாது. ஏனென்றால் நம் மொழியில் அப்படி ஒரு சொல்லே இல்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், ‘ஃபியூ’ என்றால் ‘சில’, ‘எ ஃபியூ’ என்றால் ‘ஒரு சில’ என்பது. பல கைடுகளில் இப்படித்தான் இருக்கும். எனக்கு இந்த விளக்கத்தின் மேல் ரொம்ப நாளாகவே கோபம். தமிழில் ‘சிலர் எதிர்த்தார்கள்’ என்பதற்கும் ‘ஒரு சிலர் எதிர்த்தார்கள்’ என்பதற்கும் என்ன வித்தியாசம்? ‘ஒரு’ சேர்ந்ததும் கூட்டம் சிறுத்துவிடுகிறது, ‘விடுங்க, ஒரு சிலர்தானே’ என்று ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் தலைகீழ். ‘எ’ சேர்ந்தால் ஆள் இருக்கிறார்கள், ‘எ’ போனால் ஆள் இல்லை என்ற அங்கலாய்ப்பு வந்துவிடும். தமிழில் ‘ஒரு’ குறைக்கிறது, ஆங்கிலத்தில் ‘எ’ கூட்டுகிறது. இரண்டையும் ஒன்றுக்கொன்று சமம் என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

நம்மிடம் இந்த வித்தியாசத்தைக் காட்டும் சாமான் வேறு இடத்தில் இருக்கிறது. சொல்லுக்கு முன்னால் இல்லை, பின்னால். ‘தான்’.

வீட்டில் பேசுவதைக் கவனியுங்கள். “மாவு கொஞ்சம் இருக்கு” என்றால் இன்றைக்கு நாலு தோசை உண்டு. “மாவு கொஞ்சம்தான் இருக்கு” என்றால் வேறு ஏதாவது டிபன் பார்க்க வேண்டும். பாத்திரத்தில் இருக்கும் மாவு இரண்டு வாக்கியத்திலும் ஒன்றே. சொல்கிறவள் அதைப் பார்க்கும் பார்வைதான் வேறு. ஆங்கிலத்திலும் அவ்வளவுதான் விஷயம். ‘எ லிட்டில்’ என்பது ‘கொஞ்சம் இருக்கு’. ‘லிட்டில்’ என்பது ‘கொஞ்சம்தான் இருக்கு’. அளவு மாறுவதில்லை. இருப்பதைப் பார்க்கிறோமா, இல்லாததைப் பார்க்கிறோமா என்பது மாறுகிறது.

எனவே எழுதுவதற்கு முன்னால் வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். ‘தான்’ வந்தால் ‘எ’ வராது. ‘தான்’ வராவிட்டால் ‘எ’ வரும். நான் வேலை பார்த்த காலத்தில் இப்படிச் சொல்லிக் கொடுத்ததற்கு, “இங்கிலீஷ் கிளாஸில் தமிழ் எதற்கு? பிள்ளைகள் இங்கிலீஷிலேயே யோசிக்க வேண்டும்” என்று மேலிடத்தில் ஆட்சேபம் வந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், இந்த ஒரு பாடத்தில் தமிழை வெளியே நிறுத்தினால் பிள்ளைக்கு உதவக்கூடிய ஒரே ஆளை வெளியே நிறுத்துகிறோம்.

‘தி லிட்டில்’ என்பதும் அப்படியே. வகுப்பில் பல பிள்ளைகள் முழித்த இடம் அது. ‘தி லிட்டில் மணி ஐ ஹேட்’ என்பதற்கு நம்மிடம் அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: ‘இருந்த கொஞ்சநஞ்சப் பணமும்’. அதைச் சொன்னதும் வகுப்பே தலையாட்டும். ‘நாட் எ லிட்டில்’ என்று ஒன்று உண்டே, அது ‘கொஞ்சநஞ்சமில்லை’. ‘குவைட் எ ஃபியூ’ மட்டும் ஆளை ஏமாற்றும். ‘ஃபியூ’ இருக்கிறதே என்று சிலதுதான் போல என நினைத்துவிடுவோம். அது ‘கணிசமாக’ என்று அர்த்தம். ‘குவைட் எ ஃபியூ கம்ப்ளெயின்ட்ஸ்’ என்று மேலதிகாரி எழுதினால் நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

சின்ன அளவைச் சொல்லத் தெரியாத கூட்டம் இல்லை நாம். 20-ல் ஒரு பங்குக்கு மா, 80-ல் ஒரு பங்குக்குக் காணி, 320-ல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர் வைத்துக் கணக்குப் போட்டவர்கள். சமையலறையில் சிட்டிகை, துளி, கிள்ளு என்று இன்றும் வைத்திருக்கிறோம். நமக்குத் தகராறு அளவில் இல்லை, அந்த ஒற்றை ‘எ’யில்தான்.

‘ஃபியூ’ என்பது எதிர்மறைச் சொல் என்பதற்கு ஆங்கிலத்திலேயே ஒரு சாட்சி உண்டு. டேக் கொஸ்டின் படித்தது ஞாபகம் இருக்கிறதா? வாக்கியம் உடன்பாடாக இருந்தால் டேக் எதிர்மறை, வாக்கியம் எதிர்மறையாக இருந்தால் டேக் உடன்பாடு. ‘எ ஃபியூ பீப்பிள் கேம், டிடின்ட் தே?’ ஆனால் ‘ஃபியூ பீப்பிள் கேம், டிட் தே?’ ‘நாட்’ எங்கேயும் இல்லை, இருந்தாலும் ஆங்கிலம் அதை ‘வரவில்லை’ பக்கத்தில் உட்கார வைக்கிறது. சினிமாவில் ‘லிட்டில் டிட் ஐ நோ’ என்று வசனம் வந்தால் ‘எனக்குக் கொஞ்சம் தெரியும்’ என்று அர்த்தமில்லை, ‘எனக்குத் தெரியவே தெரியாது’ என்று அர்த்தம்.

நம் ஊர்க் கணக்கிலேயே பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து ஒரு நண்பர் ராத்திரி மீனம்பாக்கத்தில் இறங்குகிறார். தாம்பரம் வரவேண்டும். நீங்கள் அவருக்கு ‘தேர் ஆர் ஃபியூ ட்ரெயின்ஸ் அட் தட் டைம்’ என்று எழுதினால், ரயிலை நம்ப முடியாது போல என்று ஆயிரம் ரூபாயோ என்னவோ கொடுத்து டாக்ஸி பிடிப்பார். ‘எ ஃபியூ ட்ரெயின்ஸ்’ என்று எழுதினால் ஜி.எஸ்.டி. ரோட்டின் எதிர்ப்பக்கம் திரிசூலம் ஸ்டேஷனுக்குப் போய் பிளாட்பாரத்தில் நிற்பார். ரயில் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ‘எ’ இருக்கக்கூடாத இடத்தில் அதைப் போட்டால் நம் வழக்கை நாமே கெடுத்துக்கொள்வோம். 2019 கோடையை மறந்திருக்க மாட்டீர்கள், ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். அப்படி ஒரு கோடையில் அபார்ட்மெண்ட் சங்கம் சார்பாகத் தண்ணீர் லாரி கேட்டு மனு எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். ‘தேர் இஸ் எ லிட்டில் வாட்டர் இன் அவர் போர்வெல்’ என்று எழுதினால், படிக்கிறவர் ‘சரி, இவர்களிடம் தண்ணீர் இருக்கிறது’ என்று அடுத்த மனுவை எடுப்பார். அங்கே வேண்டியது ‘லிட்டில் வாட்டர்’. அதையும்விட நல்லது ‘வெரி லிட்டில் வாட்டர்’.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விதியை இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்த நானே சொல்கிறேன், நீங்கள் எழுதும்போது மொட்டை ‘ஃபியூ’வையும் மொட்டை ‘லிட்டிலை’யும் விட்டுவிடுங்கள். அவற்றுக்கு முன்னால் எப்போதும் ஒரு துணை போடுங்கள். ‘இருக்கு’ என்று சொல்ல வேண்டுமானால் ‘எ ஃபியூ’, ‘எ லிட்டில்’. இல்லையா, ‘சம்’ போட்டுவிடுங்கள், வம்பே இல்லை. ‘கொஞ்சம்தான்’ என்று சொல்ல வேண்டுமானால் ‘ஒன்லி எ ஃபியூ’, ‘வெரி ஃபியூ’, ‘வெரி லிட்டில்’, ‘நாட் மெனி’, ‘நாட் மச்’. இவற்றில் எதையும் யாரும் தப்பாகப் படிக்க வழியில்லை. மொட்டையாக நிற்கும் ‘ஃபியூ’ இலக்கணப்படி சரிதான். ஆனால் நம்மவர் எழுதியிருக்கும்போது படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் வரும்: இவர் தெரிந்து எழுதினாரா, ‘எ’ விட்டுப்போச்சா? சரியாக எழுதினாலும் சந்தேகம், தப்பாக எழுதினாலும் சந்தேகம். அப்படிப்பட்ட சொல் நமக்கு எதற்கு? படிக்கும்போது அதன் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும், எழுதுவதற்கு வேண்டாம்.

“டீச்சர், ஆபீஸில் எல்லோரும் ‘ஐ ஹாவ் ஃபியூ டவுட்ஸ்’ என்றுதான் எழுதுகிறோம், எல்லோருக்கும் புரிகிறது” என்று சிலர் சொல்வீர்கள். புரிகிறது, மறுக்கவில்லை. மெப்ஸிலிருந்து பெங்களூருக்குப் போகும் மெயிலில் ‘ஃபியூ டவுட்ஸ்’ என்றால் கீழே நாலு கேள்வி வரப்போகிறது என்று இருவருக்கும் தெரியும். கேள்விகளே கீழே இருப்பதால் சந்தர்ப்பம் காப்பாற்றிவிடுகிறது. அதற்காக யாரையும் திருத்திக்கொண்டு திரிய வேண்டாம். சந்தர்ப்பம் காப்பாற்றாத இடங்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். சிபாரிசுக் கடிதம், மனு, இன்ஷூரன்ஸ் படிவம், டாக்டருக்கு எழுதும் குறிப்பு. ‘அப்பாவுக்கு நேற்று ராத்திரி கொஞ்சம் நெஞ்சு வலி இருந்தது’ என்பதை ‘ஹி ஹேட் லிட்டில் செஸ்ட் பெயின்’ என்று டாக்டருக்கு எழுதி அனுப்பினால், ‘வலி அவ்வளவாக இல்லை’ என்று அவர் எடுத்துக்கொள்ளலாம். இதில் விளையாட வேண்டாம். இங்கே ‘எ லிட்டில்’கூட வேண்டாம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வலித்தது என்று எழுதுங்கள்.

சின்ன அளவுச் சொற்களை ஒழுங்காக வைத்துக்கொள்வது எப்படி என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மண்டல வானிலை ஆய்வு மையம். அவர்கள் அறிக்கையில் வரும் ‘ஓரிரு இடங்களில்’, ‘ஒரு சில இடங்களில்’ என்பதெல்லாம் வாய்க்கு வந்தபடி போடுவது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கேலியும் செய்கிறோம். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறை கணக்கு வைத்திருக்கிறது. ஒரு பகுதியில் இருக்கும் மழை அளக்கும் நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பெற்றால் ‘ஓரிரு இடங்கள்’, ஆங்கிலத்தில் ‘ஐசொலேட்டட்’. 26 முதல் 50 சதவீதம் என்றால் ‘ஒரு சில இடங்கள்’, ‘அட் எ ஃபியூ பிளேசஸ்’. 51 முதல் 75 வரை ‘பல இடங்கள்’. அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்கள்’.

‘அட் எ ஃபியூ பிளேசஸ்’ என்பதில் அந்த ‘எ’யைப் பாருங்கள். கால்வாசியிலிருந்து பாதி வரை நனையப்போகிறது என்று அர்த்தம். அதை ஃபார்வர்டு செய்யும் யாரோ ஒருவர் ‘எ’யை விழுங்கிவிட்டு ‘ரெயின் அட் ஃபியூ பிளேசஸ்’ என்று தட்டினால், ‘மழை அநேகமாக எங்கேயும் இல்லை’ என்று ஆகிவிடுகிறது. மொட்டை மாடியில் வற்றல் காயப்போட்டவர்கள் கதி என்ன?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்று படித்தால் நம் கண்ணில் ‘ஓரிரு’ மட்டும் விழுகிறது, மனசு சமாதானமாகிவிடுகிறது. அந்தச் சின்ன அளவு இடத்துக்கு, மழைக்கு அல்ல. கனமழை என்றால் ஒரே நாளில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ‘ஓரிரு’ இடம் நம் தெருவாக இருந்தால் அது நமக்கு நூற்றுக்கு நூறு. எந்தச் சொல் எதை அளக்கிறது என்று பார்த்துப் படிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொன்னேன்.

இப்போது ஒரு சின்னச் சண்டை. வாட்ஸ்அப்பில் சில இலக்கணக் காவலர்கள் இருக்கிறார்கள், அதில் என் வயதுக்காரர்களே அதிகம். ‘லெஸ்’ என்று வரவேண்டிய இடம் எது, ‘ஃபியூவர்’ என்று வரவேண்டிய இடம் எது என்று பிடித்துக்கொண்டு யாரையும் விடமாட்டார்கள். எண்ணக்கூடியதற்கு ‘ஃபியூவர்’, எண்ண முடியாததற்கு ‘லெஸ்’, சரி. நானும் அப்படித்தான் எழுதுவேன், தேர்வில் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் அந்த விதியின் வயசு தெரியுமா? 1770-ல் ராபர்ட் பேக்கர் என்பவர் தன் சொந்த விருப்பமாகச் சொன்னது, பிறகு விதியாகிவிட்டது. அதற்குக் கிட்டத்தட்ட 900 வருஷத்துக்கு முன்னாலேயே ஆல்ஃபிரட் மன்னர் எண்ணக்கூடியவற்றுக்கு ‘லெஸ்’ என்று எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் டெஸ்கோ கடைகளில் ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்று போர்டு வைத்திருந்ததைப் பற்றி ஓயாத புகார். கடைசியில் 2008-ல் ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என்று மாற்றி எழுதி இரண்டு சொல்லிலிருந்துமே தப்பித்துக்கொண்டார்கள். கெட்டிக்காரர்கள். ‘லெஸ் ஸ்டூடண்ட்ஸ்’ என்று ஒருவர் எழுதினால் அழகு குறையும், அர்த்தம் மாறாது. ‘எ’ விட்டுப்போனால் அர்த்தமே புரண்டுவிடும். காவலர்கள் திருடனை விட்டுவிட்டு ஹெல்மெட் போடாதவரைத் துரத்துகிறார்கள் என்பது என் வருத்தம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ஹார்ட்லி’ என்றால் ‘கடினமாக’ இல்லை, ‘ஏறக்குறைய இல்லவே இல்லை’. ‘ஹி ஒர்க்ஸ் ஹார்ட்லி’ என்று நற்சான்றிதழில் எழுதிவிடாதீர்கள், உழைப்பாளியைச் சோம்பேறி ஆக்குவது பாவம். ‘ஹி ஒர்க்ஸ் ஹார்ட்’ போதும். ‘எ ஃபியூ இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘எ ஃபியூ அட்வைசஸ்’ வேண்டாம். தமிழில் தகவல்கள், அறிவுரைகள் என்று ‘கள்’ போடுகிறோம், ஆங்கிலத்தில் அந்த இரண்டும் எண்ண முடியாத பொருள், தண்ணீர் மாதிரி. ‘எ லிட்டில் இன்ஃபர்மேஷன்’ அல்லது ‘சம் அட்வைஸ்’. ‘எ கப்பிள் ஆஃப் டேஸ்’ என்றால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. நம் ஊர் டெய்லர் சொல்லும் ‘ரெண்டு நாள்’ அல்ல.

போன வாரம் போன் செய்த அத்தைக்கு ஒரு தனிப் பதில். யூரின் டெஸ்ட் ரிப்போர்ட்டில் ‘எபிதீலியல் செல்ஸ் - ஃபியூ’ என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, இது இருக்கிறது என்கிறானா, இல்லை என்கிறானா என்று கேட்டீர்கள். அது வாக்கியம் இல்லை அத்தை, பட்டியலில் போடும் சுருக்கக் குறி. எண்ணிச் சொல்லாமல் ‘குறைவாகத் தென்பட்டது’ என்று குறிக்க லேப்காரர்கள் போடுவது. அங்கே ‘எ’ தேட வேண்டாம். அதற்கு மேல் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பதை டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம். நீங்கள் கடைசியாக அனுப்பிய பத்து மெயிலைத் திறந்து ‘ஃபியூ’, ‘லிட்டில்’ என்று தேடுங்கள். எங்கெல்லாம் மொட்டையாக நிற்கிறதோ, அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து, ‘தான்’ வருகிறதா என்று கீழே கமெண்டில் எழுதுங்கள். சிபாரிசுக் கடிதம் ஏதாவது இருந்தால் அதை முதலில் பாருங்கள்.